சங்கராவுக்கு அடியில் மஞ்சள்

சென்னை காசிமேட்டில் மீன் வெட்டுகிற ஒரு அம்மாவின் இரண்டு கைகள். அரிவாள்மனை. பாதி வெட்டிய சங்கரா மீன். முகத்தில் மூக்குத்திக்குக் கீழேதான் தெரியும், அதற்கு மேல் தாள் முடிந்துவிட்டது. ஆனாலும் உதடு கோணியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே, எதிரே நிற்பவர் விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அத்தனையும் கலர் பென்சில்.

வரைந்த அக்கா காலடிப்பேட்டையில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், மதியம் இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் பென்சில். என் அக்கா மகளை டியூஷனில் விடப் போனபோது சுவரில் இந்தப் படத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவர் வரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் 14 வருஷமாக மெஷின் ஓட்டுகிறேன். சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற அடர் ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நான்கு மையை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றித்தான் எல்லா நிறத்தையும் எடுக்கிறோம். அக்கா அதையே கையால் செய்கிறார். சங்கராவின் சிவப்பை அவர் சிவப்பில் ஆரம்பிக்கவில்லை. முதலில் மீன் முழுக்க வெளிர் மஞ்சள். மேலே ரோஸ், அப்புறம் ஆரஞ்சு, முதுகுப் பக்கம் மட்டும் துளி நீலம். மெல்லத் தீட்டினால் மேல் நிறம் அடியில் இருப்பதை மறைக்காது. அந்த மஞ்சள் உள்ளேயிருந்து வெளிச்சம் கொடுக்கிறது. அதனால்தான் மீன் இப்போதுதான் ஐஸிலிருந்து எடுத்தது போல இருக்கிறது.

டப்பாவில் கறுப்புப் பென்சில் மட்டும் சீவாமல் முழு நீளத்துக்கு இருந்தது. நிழலுக்கு இண்டிகோவையும் அடர் பழுப்பையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். எனக்கு அது உடனே புரிந்தது. அச்சிலும் பெரிய பரப்புக்குக் கறுப்பு மை மட்டும் கொடுத்தால் வெளிறிக் கிடக்கும். அடியில் கொஞ்சம் சயான் போனால்தான் ஆழம் வரும்.

பென்சில் ஃபேபர் காஸ்டெலின் பாலிக்ரோமோஸ், 1908 முதல் வருகிற வகை. முழு வரிசையில் 120 நிறம் உண்டு, அக்காவிடம் இருப்பது 24தான். உள்ளே இருக்கிற நிறக் குச்சி எண்ணெய் சேர்ந்தது. மெழுகு அதிகமுள்ள பென்சிலில் அழுத்தித் தீட்டிய இடம் சில வாரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், இதில் அந்தத் தொல்லை குறைவு. தாள் மட்டும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தடவிப் பார்த்து வாங்குவாராம். கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், அந்தச் சொரசொரப்பில்தான் நிறம் பிடித்து நிற்கும்.

"எடுத்த உடனே அழுத்தினா பேப்பர் மூடிக்கும் தம்பி. அப்புறம் இன்னா கலர் போட்டாலும் வழுக்கும்."

செதில்களின் வெள்ளை விளிம்புகளை எப்படிப் போட்டார் என்று பல நாள் யோசித்தேன். ரீஃபில் தீர்ந்த பால் பென். நிறம் தொடுவதற்கு முன்பே அதனால் தாளில் அழுத்திக் கோடு கிழித்துவிடுகிறார். பென்சில் மேலே ஓடும்போது அந்தப் பள்ளத்தில் நிறம் இறங்காது. கோடு வெள்ளையாகவே நின்றுவிடும்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மீன் இல்லை, விரல்கள். எங்கள் ஆயா தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடை தூக்கி மீன் விற்றவர். தண்ணீரிலும் ஐஸிலும் ஊறிச் சுருங்கிப்போன விரல் நுனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா அதற்கு வெளிர் ஊதா போட்டிருக்கிறார். தோல் நிறத்துக்கு நடுவில் ஊதா! தள்ளி நின்று பார்த்தால் ஊதாவே தெரியாது, ஈரம்தான் தெரியும். கோடுகளும் கையின் போக்கிலேயே போகின்றன. மணிக்கட்டில் நீளமாக ஓடி, முட்டியில் வளைந்து, அரிவாள்மனையை நெருங்க நெருங்கக் குட்டையாகி நெருக்கமாகிவிடுகின்றன. வெட்டுகிற விசை அந்தக் கோடுகளில் இருக்கிறது.

முந்தானையில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, தறியில் ஓடும் பாவு நூலும் ஊடு நூலும் போலத் தெரியும். காலடிப்பேட்டையே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உருவான ஊர்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன், சிரித்துக்கொண்டார்.

'போட்டோ மாதிரியே இருக்கு' என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடு தெரியாமல் தேய்த்து மழுப்பியிருந்தால் போட்டோ மாதிரி ஆகியிருக்கும். அவர் அப்படித் தேய்த்து மெருகேற்றிய இடம் ஒன்றே ஒன்று, மீனின் கண். மற்ற இடமெல்லாம் கோடு கோடாகவே விட்டிருக்கிறார், அந்த அம்மா அசைவது போல இருப்பது அதனால்தான். படத்தில் அந்த அம்மாவுக்குப் பின்னால் தெரிகிற படகுகள் மட்டும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மற்றதில் இருக்கிற உயிர் அதில் இல்லை. அவரிடமே சொன்னேன். "எனக்கும் தெரியும்பா, படகு இன்னும் கைக்கு வரல" என்றார்.

அடுத்த படம் ஆரம்பித்துவிட்டார். அலுமினிய அன்னக்கூடை நிறையக் கானாங்கெளுத்தி. போன ஞாயிறு நான் போனபோது தாளில் ரீஃபில் தீர்ந்த பேனா கிழித்த கோடுகளும், அங்கங்கே வெளிர் மஞ்சளும் மட்டும்தான் இருந்தன.