மலிவு விலை ஸ்மார்ட்வாட்ச்: பெட்டியை நம்பாமல் வாங்குவது எப்படி?

நூறு விளையாட்டு முறைகள், எண்ணற்ற முகப்புகள் என்று பெட்டி முழுக்க அச்சடித்திருப்பார்கள். அந்த நூறில் பெரும்பாலானவை செய்வது ஒரே வேலைதான்: நேரத்தையும் துடிப்பையும் குறித்து, தோராயமாக ஒரு கலோரிக் கணக்குப் போடும். அதை விட்டுவிட்டு, வாட்சுக்காக போனில் போடும் செயலியை (ஆப்) முதலில் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் அண்மையில் என்ன எழுதியிருக்கிறார்கள், போனில் உடல்நலத் தரவைச் சேர்த்துவைக்கும் ஹெல்த் கனெக்ட் (ஆண்ட்ராய்டு) அல்லது ஆப்பிள் ஹெல்த்துக்கு (ஐபோன்) தரவை அனுப்புமா? நிறுவனம் செயலியைக் கைவிட்டால், நன்றாக ஓடும் வாட்ச்கூட வெறும் கடிகாரம்தான்.

அடுத்து துடிப்பு சென்சார். பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதைத்தான் அது எண்ணுகிறது. திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் சோதித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, மறு கையின் நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வாட்ச் காட்டுவதற்கும் இதற்கும் நாலைந்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. பிறகு வேகமாகப் படியேறி மறுபடி ஒப்பிடுங்கள். மலிவான சென்சார்கள் தடுமாறுவது இங்கேதான்: உயரும் துடிப்பைத் தாமதமாகப் பிடிக்கும். துணிச்சுருளில் கட்டினாலும் துடிப்பு காட்டுகிறது என்று கேலி செய்யும் வீடியோக்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்ல சென்சாரும் அப்படி ஏமாறும்.

ஓடும்போது துடிப்பு 165, 170 என்று ஒரே இடத்தில் நின்றால் ஸ்ட்ராப் தளர்ந்திருக்கலாம். கை ஆடும் தாளத்தைத் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே தள்ளி, ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் தளர்த்துங்கள். குளிரில் விறைத்த கையிலும், பச்சை குத்திய இடத்திலும் அளவு தவறும்.

காற்றடைத்துக் கையை இறுக்கும் பட்டை இல்லாமல் ரத்த அழுத்தம், ஊசி குத்தாமல் சர்க்கரை என்று மலிவு வாட்ச் சொன்னால் நம்ப வேண்டாம். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

ஜிபிஎஸ் என்று போட்டிருந்தாலும் அது வாட்சுக்குள்ளேயே இருக்கிறதா, போனிலிருந்து கடன் வாங்குகிறதா என்று விசாரியுங்கள். போனை எப்போதும் கொண்டுபோகிறவருக்கு இரண்டாவதே போதும், பேட்டரியும் மிஞ்சும். பேட்டரிக்குச் சொல்லும் நாள் கணக்கு பாதி வசதிகளை அணைத்துவிட்டுப் போட்டது. திரையை எப்போதும் எரியவிட்டு, துடிப்பை இடைவிடாமல் அளந்து, அழைப்பும் பேசினால் பாதி தேறினாலே அதிகம்.

நீர் தாங்கும் திறன் 5 ஏடிஎம் (வளிமண்டல அழுத்த அளவு) என்றால் 50 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தை அசையாத நீரில் தாங்கும் என்று பொருள். அவ்வளவு ஆழம் முங்கலாம் என்றல்ல. வெந்நீரும் சோப்பும் ரப்பர் அடைப்பைக் கெடுக்கும்.

ஸ்ட்ராப் 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலத்தில், வாட்சோடு இணைக்கும் சாதாரண ஊசி வைத்ததாக இருந்தால் மாற்று எளிதில் கிடைக்கும். சார்ஜர் தனியாக விற்கிறார்களா என்றும் பாருங்கள். சார்ஜ் போடும் முன் வாட்சின் பின்பக்கம் சார்ஜர் தொடும் உலோகப் புள்ளிகளைத் துடைத்துவிடுங்கள். வியர்வை உப்பு அரித்து, சார்ஜ் ஏறாமல் நிற்பது அங்கேதான்.