ரன்னிங்-இன்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 22, 2024, சனி

மெயில் இல்லை.

வெளிநாட்டு வேலை ஆர்டருக்குக் காத்திருக்கிறோம்.

ரிமோட்டில் ஓடும் பொம்மை டிரக்கில் புது எஞ்சினை மாட்டியாயிற்று. இனி ரன்னிங்-இன், மெல்ல ஓட்டிப் பழக்கணும். மூன்றரை சிசி. ஃப்ளைவீலைக் கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே போய் இறுகி நின்றுவிடுகிறது. புதுசு என்றால் அப்படித்தான் இருக்கணும். பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அது ஓடும் குழாய் பித்தளை ஸ்லீவ், உள்ளே குரோம் பூச்சு, மேல்வாயில் மயிரிழை ஒடுக்கம். சிலிக்கான் கலந்த இந்த அலுமினிய பிஸ்டனைவிட பித்தளை சூட்டில் அதிகம் விரியும். சூடேறிய பிறகுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிடும். பச்சையாகக் கிடக்கும்போது கயிற்றை இழுத்தால் அடி வாங்குவது கனெக்டிங் ராட்.

ஜூன் 23, ஞாயிறு

மனைவி ஐசியூவில் நைட் டூட்டி முடிந்து வந்து தூங்குகிறாள். இந்த வீட்டில் பகலில் மிக்சியே ஓடாது.

ஜூன் 26, புதன்

எரிபொருள் கேனை எங்கே வைப்பது என்று மூன்றாவது முறையாக இடம் மாற்றினேன். மாடிப்படிக்கு அடியில் வைத்தால் கேஸ் சிலிண்டர் பக்கம். மொட்டை மாடியில் வெயில். மெத்தனால் காற்றின் ஈரத்தையும் குடித்துக்கொள்ளும், மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலும் எரிபொருள் கெட்டுப்போகும். இதெல்லாம் சின்னக் கவலை.

டிவியில் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகள்தான். கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு பந்தல். பத்தொன்பதாம் தேதியிலிருந்து அவள் சாப்பிடும்போதும் போனைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறாள்; கூடப் படித்தவள் சேலத்தில் டூட்டியில் இருக்கிறாள். நேற்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: உள்ளே போன மெத்தனாலை ஈரல் முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றும், பிறகு ஃபார்மிக் அமிலம். அது கண் நரம்பைப் பிடிக்கும். வந்தவர்கள் முதலில் சொல்வது "கண்ணு மங்கலா இருக்கு" என்பதுதான். சொல்லிவிட்டு, "ஏங்க, உங்க கேன்ல இருக்கறதும் அதுதானே?" என்றாள்.

அதுதான். நைட்ரோமீத்தேன் 20 சதவீதம், எண்ணெய் கொஞ்சம், மிச்சமெல்லாம் மெத்தனால். பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீயே கண்ணுக்குத் தெரியாது. சாயம் வேறு கலந்திருக்கிறார்கள், அப்படியே ரோஸ் மில்க். கீழ்வீட்டுக் குழந்தை நினைத்த நேரத்துக்கு மாடியேறி வருகிறது. ரோஸ் நிறத்தில் சாயம் போட்ட புண்ணியவானுக்கு வீட்டில் பிள்ளைகளே இல்லை போலிருக்கிறது.

இரும்பு டிரங்குப் பெட்டி, பூட்டு. சாவி என் அரைஞாண் கயிற்றில். அவள் சிரித்தாள், இந்த வாரத்தில் இப்போதுதான்.

ஜூன் 28, வெள்ளி

சாவு 60-ஐத் தாண்டிவிட்டது. மெயில் இல்லை. எஞ்சினைத் தொடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ராத்திரி இந்தியா டி20 உலகக் கோப்பை ஜெயித்ததற்கு ஒரு மணி வரை வெடி. அந்தச் சத்தத்துக்குத் தெருவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இருக்கட்டும்.

காலையில் பூட்டிக் கிடக்கும் மில்லின் பின்முற்றம். வாட்ச்மேன் அறையில் பிளக் பாயிண்ட் உண்டு. ஹேர் டிரையரால் எஞ்சின் தலையை நன்றாகச் சூடாக்கினேன், விரல் வைக்க முடியாத அளவுக்கு. ஃப்ளைவீல் இப்போது வழுக்கிக்கொண்டு சுற்றியது. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலை ரிச்சாக, கூடுதலாகப் போகும்படி திறந்துவைத்து, குளோ பிளக்கில் அதைச் சூடேற்றும் இக்னைட்டரை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். இருமியது. மறுபடி இழுத்ததும் பிடித்துக்கொண்டது.

புகை வெள்ளைவெளேரென்று. சைலன்சரிலிருந்து எண்ணெய் சொட்டியது. விளக்கெண்ணெய் கருகும் வாசனை. அம்மாயி வீட்டில் ஆமணக்குக் கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சுவார்கள். அந்த நெடி முப்பது வருஷம் கழித்து இந்தச் சிமெண்ட் முற்றத்தில்.

காய்ச்சல் பார்க்கும் கன் தெர்மாமீட்டரை நீட்டினால் "ஹெச்ஐ" என்று மட்டும் காட்டுகிறது. மனித உடம்புக்குச் செய்தது. தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கொதிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தது. சூடு போதவில்லை. அலுமினிய ஃபாயிலைப் பாதித் தலைக்குச் சுற்றிய பிறகு சொட்டு சுர்ரென்றது.

ஸ்டாண்டில் ஏற்றி இரண்டு டேங்க் ஐடிலிலேயே விடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஐடிலில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். ஸ்லீவ் விரியாது, பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் ஒடுக்கத்தில் போய் முட்டும். அதற்குப் பெயர் பழக்குவது இல்லை, தேய்ப்பது. தரையில் விட்டு, கால் த்ராட்டில் கொடுத்து, விட்டு, கொடுத்து, எட்டுப் போட்டேன்.

வாட்ச்மேன் ஐயா மோட்டார் பம்ப் கம்பெனியில் இருந்தவர். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, ரன்னிங்-இன்னுங்ளா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"வெரட்டாதீங்க. நம்மூர்ல எல்லாத்தையும் வெரட்டியே கெடுத்துப் போடறாங்க."

டேங்க் காலியாகும் முன்பே நிறுத்தினேன். கடைசிச் சொட்டில் எரிபொருள் குறைந்து, லீனாகி எஞ்சின் எகிறும். ஃப்ளைவீலில் வைட்னர் குறி போட்டிருக்கிறேன். குறி கீழே வந்தால் பிஸ்டனும் கீழே. அங்கேதான் ஆறவிடணும். மேலே நின்றால் சுருங்கும் பித்தளை அதைக் கவ்விக்கொள்ளும், ஒடுக்கம் வீணாகும்.

ஜூலை 1, திங்கள்

"என் டிரையர் ஏன் விளக்கெண்ணெய் நாறுது?"

ஜூலை 4, வியாழன்

எதிர்வீட்டுத் தாத்தா விடியற்காலையில் போய்விட்டார். தெருவில் பந்தல். மில்லுக்குக்கூட டிரக்கைத் தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. பந்தலைத் தாண்டித்தான் போகணும், விளையாட்டுச் சாமானோடு.

நாற்பது வயதில் இது என்ன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மற்ற எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

ஜூலை 8, திங்கள்

மெயில் வந்தது. இன்னொரு படிவம் கேட்கிறார்கள், அவ்வளவுதான். போன முறை அனுப்பிய அதே சான்றிதழ், வேறு தலைப்பில். அவள் ஒன்றும் பேசாமல் ஸ்கேன் எடுத்தாள். நான் கணக்குப் போட்டேன்: கேன் 3.78 லிட்டர், டேங்க் 125 மில்லி, முப்பது டேங்க் வரும். நாங்கள் போய்விட்டால் கேனை விமானத்தில் ஏற்ற முடியாது. மிச்சத்தை யாரிடம் கொடுப்பது? கொடுக்கக்கூடிய பொருளா அது, இந்த ஜூலையில்?

இன்னும் ஆர்டரே வரவில்லை. அதற்குள் கேனுக்கு வாரிசு தேடுகிறேன்.

ஜூலை 11, வியாழன்

காற்று. தென்னை மட்டை இரண்டு விழுந்தது.

ஜூலை 13, சனி

கருமாதி முடிந்து பந்தல் பிரித்துவிட்டார்கள். செந்தில் பவுண்டரியிலிருந்து நல்ல கன் தெர்மாமீட்டர் கொண்டுவந்தான். பிளக் அடியில் 96 டிகிரி செல்சியஸ். அரை த்ராட்டில் வரை கொடுத்தேன், 101. ஆறவிட்டு அடுத்த டேங்க்.

"நீடிலை இறுக்கு மாப்ள, அழுவுது பாரு" என்று பறந்தான். முழுதாக இறுக்கினால் இன்றைக்கே பறக்கும்தான். 130 தாண்டினால் ஸ்லீவ் போகும், வாங்கித் தருவானா? ஸ்க்ரூ டிரைவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

அவன் போனதும் ஒரு பொட்டு இறுக்கினேன். பதினாறில் ஒரு பங்கு சுற்று, அதற்குமேல் இல்லை. 104. புகைக்கோடு மெலிந்தது, வாலைப் பிடித்து இழுத்தாற்போல் இருந்த மந்தம் போய்விட்டது. ஃப்ளைவீல் மேலே போகும்போது பிடிக்கிறது, ஆனால் முரண்டு பண்ணவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அவளும் வந்தாள். டூட்டி முடித்து யூனிஃபார்மோடு, தூங்காமல். ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். அரை த்ராட்டிலுக்கு மேல் போகாதே என்றேன். "எனக்கு ஐசியூல மூணு பேஷண்ட், ரெண்டு வெண்டிலேட்டர். நீங்க எனக்குச் சொல்றீங்களா?" என்றவள் முழு டேங்க்கும் கால் த்ராட்டிலிலேயே ஓட்டினாள்.

108. ஏர் ஃபில்டரில் மண். இன்றைக்கே கழுவி எண்ணெய் போடணும். குளோ பிளக் இன்னும் இரண்டு வாங்கணும். அடுத்த டேங்க்குக்கு பாடி மாட்டலாம்.