மாஸ்டர் பதினொரு மணிக்குத்தான் குளிப்பார்

கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, தரும் காசில் ஒரு முதியவர் தனக்கு வேண்டிய உதவியாளரைத் தானே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், லண்டனில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். "சும்மா தருவானா? பிறகு வீட்டை எழுதி எடுத்துப்போடுவான்" என்பார்கள். கலியாண வீட்டிலும் இதே கதை, செத்தவீட்டிலும் இதே கதை. அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். சொந்த வீட்டில் இருந்தபடியே உதவி பெறுகிறவர் குடியிருக்கும் வீட்டின் பெறுமதியை இங்கிலாந்தில் கணக்கில் எடுப்பதில்லை. சேமிப்பைப் பார்ப்பார்கள். 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. 14,250-க்குக் கீழே என்றால் சேமிப்பைத் தொட மாட்டார்கள், பென்ஷன் போன்ற வருமானத்தில் இருந்து மட்டும் ஒரு பங்கு கேட்கலாம். இந்த எல்லைகள் 2010-இல் இருந்து அசையவில்லை. விலைவாசி எங்கே போய்விட்டது, இது எங்கே நிற்கிறது என்று கேட்டால் அது வேறு சண்டை.

என் முதலாளி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எண்பதைத் தாண்டியவர். பாரிசவாதம் வந்து வலப் பக்கம் சரியாக இயங்காது. வாயும் மூளையும் முன்பைவிடக் கூர்மை. ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கும்தான். என் சம்பளச் சீட்டில் வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும். நான் பத்து நிமிடம் பிந்தினால் டைம் ஷீட்டில் இடக்கையால் பத்து நிமிடத்தைக் கழித்து எழுதுவார். பஸ் பிந்திவிட்டது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பஸ்ஸுக்கு நான் சம்பளம் குடுக்கேல்லைத் தம்பி" என்றார்.

இதே மாஸ்டரிடம் முன்பு ஏஜென்சியின் கெயரராகவும், அதாவது பராமரிப்பு உதவியாளராகவும், போயிருக்கிறேன். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை இல்லாமல் போனபோது கிடைத்த வேலை அது. காலை ஏழேகாலுக்கு அவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே வந்ததைப் போனில் பதிய வேண்டும். எழுப்பி, துடைத்து, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, பாலில் ஊறிய சீரியலை முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆப்பில் பச்சைக் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். ஓடுகிற நேரத்துக்குச் சம்பளம் இல்லை. நான் போகாத நாளில் வேறொருவர், அடுத்த நாள் இன்னொருவர். வலக்கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று ஒவ்வொரு புது முகத்துக்கும் மாஸ்டர் முதலில் இருந்து பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

சுகாதார, பராமரிப்புச் சேவைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி, அரை மணிக்குக் குறைந்த வருகைகளைப் பொதுவாக வைக்க வேண்டாம் என்கிறது. வைப்பதானால் வருகிறவர் ஏற்கெனவே பழகிய ஆளாக இருக்க வேண்டும் என்பது உட்படச் சில நிபந்தனைகள் போட்டிருக்கிறது. மாஸ்டருக்கு அரை மணி இருந்தது. ஆகவே தாளில் எல்லாம் சரி.

மாஸ்டரின் வீட்டு ஃபைலில் முதல் அசெஸ்மென்ட், அவருக்கு என்ன உதவி தேவை என்று கவுன்சில் செய்த மதிப்பீடு, இன்னும் இருக்கிறது. அன்று வந்த சோஷல் வேர்க்கர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருக்கிறார். உங்களுக்கு எது முக்கியம், என்ன மாற்றம் வேண்டும், எப்படி வாழ விரும்புகிறீர்கள். பதில் என்ன என்று மகள்தான் எனக்குச் சொன்னார். "ஒண்டும் வேண்டாம் பிள்ளை, எல்லாரும் நல்லாப் பாக்கினம். உங்களுக்கேன் சிரமம்?" கூடவே தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றும் கேட்டாராம். ஃபைலில் ஒரே வரி: தற்போதைய ஏற்பாடுகளில் திருப்தியாக இருக்கிறார்.

எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். பந்தியில் இருக்கிற பெரியவர் போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை விரிப்பார், அதையும் மீறி வைத்தால் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். வீடு தேடி வந்த அந்நியரிடம், அதுவும் அரசாங்க ஆளிடம், எனக்கு இது வேண்டும் என்று சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு. அந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? ஆளை மையமாக வைத்த சேவை என்று கவுன்சில் கடிதங்களில் எழுதுகிறார்கள். அந்தச் சேவை முழுவதும், எனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்கிற ஓர் ஆளை எதிர்பார்த்து நிற்கிறது.

என் மற்ற முதலாளி அப்படிப்பட்ட ஆள். முப்பதுகளில் இருக்கும் வெள்ளைக்காரர், சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரிடம் மாலை நேரங்களில் போகிறேன். என்னை இன்டர்வியூ செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என் நண்பர்கள் வந்திருக்கும்போது பேச்சில் கலக்காமல் இருக்க உன்னால் முடியுமா?" எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், சொல்லவும் தெரியும், செய்யாவிட்டால் சத்தம் போடவும் தெரியும்.

காசை வாங்கி ஆளைத் தானே வைத்துக்கொள்ளும் இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். 1970-களின் கடைசியில் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பராமரிப்பு இல்லத்தில் இருந்த மாற்றுத்திறனாளிகள் சிலர், ஜான் எவன்ஸ் போன்றவர்கள், 'ப்ராஜெக்ட் 81' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எங்களை இங்கே வைத்திருக்கக் கட்டுகிற காசை எங்களுக்காகத் தாருங்கள், வெளியே போய் எங்கள் வீட்டில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஆட்களோடு இருந்துகொள்கிறோம் என்பது அவர்கள் கோரிக்கை. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஒருவருக்கு நேரே காசு கொடுக்க முடியாது. அதனால் இன்னொரு கை வழியாகச் சுற்றிக் கொடுத்தார்கள். நேரே கொடுக்கலாம் என்று சட்டம் வர 1996 ஆகிவிட்டது. அதுவும் முதலில் 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான். முதியவர்களுக்குக் கதவு திறந்தது 2000-இல். அப்புறம் 2014-இன் கெயர் ஆக்ட் என்ற பராமரிப்புச் சட்டம் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, கவுன்சிலின் உதவி பெறுகிற ஒவ்வொருவருக்கும் தனி பட்ஜெட் போட்டுக் காட்டுவது கடமையாகிவிட்டது.

ஆக, இது கேட்கத் தெரிந்தவர்கள் சண்டை பிடித்து வாங்கிய உரிமை. அவர்கள் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலையே இல்லை. ஆனால் அதே முறையை, அதே கேள்விகளோடு, தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத ஒருவர் முன்னால் கொண்டுவந்து வைத்தால்? 13 கவுன்சில்களில் தனிநபர் பட்ஜெட்டைப் பரீட்சித்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மனநலச் சேவை பெற்றவர்களுக்கும் இளவயது மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் நன்மை தெரிந்தது. முதியவர்களின் மனநிலையோ, வழக்கமான சேவை பெற்ற முதியவர்களைவிடக் கீழே இருந்தது. திட்டம் போடுவதையும் காசை நிர்வகிப்பதையும் அவர்களில் பலர் பாரமாக உணர்ந்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

மாஸ்டரின் அடுத்த மறுபரிசீலனைக்கு வேறொரு சோஷல் வேர்க்கர் வந்தார். மொழிபெயர்ப்பாளரையும் கூட்டி வந்திருந்தார். மாஸ்டருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், அதைச் சொல்லியும் பார்த்தார். "தெரியும், ஆனால் இன்றைக்கு உங்களுக்கு எது லேசோ அதில் கதையுங்கள்" என்று பதில் வந்தது. மகளை மொழிபெயர்க்க விடவில்லை, நீங்கள் மகளாக இருங்கள் போதும் என்றார். நான் வேலை முடிந்து புறப்படுகிற நேரம். மாஸ்டரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு என்னையும் இருக்கச் சொன்னார்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. "நேற்றுக் காலை கண் விழித்ததில் இருந்து என்னென்ன நடந்தது, சொல்லுங்கள்" என்றார்.

குறை சொல்லச் சொன்னால் மாஸ்டர் வாய் திறக்க மாட்டார். நடந்ததைச் சொல்லச் சொன்னால் கணக்கு வாத்தியார் ஒரு படியையும் விடமாட்டார். ஐந்தரைக்கு விழிப்பு. ஏழேகால் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுக்கை. ஏழேமுக்காலுக்குக் கதவு சாத்தப்பட்ட சத்தம். அதிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வரும்வரை நாற்காலி.

"அந்த நேரம் என்ன செய்தீர்கள்?"

"இருந்தேன்."

அவர் அதை எழுதவில்லை, பேனையைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். பென்ஷன் எடுத்த பிறகு ஊரில் அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? மாஸ்டர் நிமிர்ந்து இருந்தார். விடிய எழும்பித் தேத்தண்ணி, பிறகு வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பர், அங்கே நாலு பேரோடு அரசியல் வாக்குவாதம், திரும்பி வந்து வாழைக்குத் தண்ணீர் இறைப்பு, பதினொரு மணிக்குக் கிணற்றடியில் முழுக்கு, அதன் பிறகுதான் சோறு. இங்கே வந்து பாரிசவாதம் வந்ததில் இருந்து தலையில் தண்ணீர் பட்டுக் குளித்ததே குறைவு என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. ஏழேகாலுக்கு அரை மணியில் துடைக்கத்தான் முடியும்; துடைத்தேன், பச்சைக் குறி போட்டேன்.

திட்டத்தில் அவர் அப்படியே எழுதினார்: காலை பதினொரு மணியளவில், தலையில் நீர் ஊற்றிக் குளிக்க உதவி. வாரத்தில் ஒரு நாள் நூலகத்துக்குப் போக உதவி. ஏஜென்சிக்குப் போன அதே தொகை டைரக்ட் பேமென்டாக, அதாவது மாஸ்டருக்கு நேரே தரும் காசாக, மாறியது. நாளுக்கு நான்கு துண்டாக இருந்தது முற்பகலில் ஒரு நீண்ட நேரம், மாலையில் ஒரு சின்ன நேரம் என்று ஆனது. ஏஜென்சியின் அலுவலகச் செலவு அதில் இல்லாததால் மணித்தியாலங்கள் கொஞ்சம் கூடவே கிடைத்தன. என்னை வேலைக்கு எடுக்கலாமா என்று மாஸ்டர் மகளிடம் கேட்டாராம். என்னிடம் கேட்கவில்லை, உத்தரவாகத்தான் வந்தது.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையே அதில்தான் இருக்கிறது. ஷவர் முகத்தில் அடித்தால் அவருக்கு மூச்சுத் திணறும். ஆகவே குளியல் நாற்காலியில் இருத்தி, வாளியும் கோப்பையும். சூடு சரியா என்று அவர் இடக்கையை விட்டுப் பார்த்துத் தலையாட்ட வேண்டும், என் கை சொல்வது செல்லாது. முதல் கோப்பை காலுக்கு, பிறகு முழங்கால், அப்புறம் தோள், கடைசியில் தலை. கிணற்றடியில் அப்படித்தானாம், எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால் நடுங்கும். நெஞ்சுக்கும் முகத்துக்கும் அவரே இடக்கையால் சோப்புப் போடுவார், முதுகு மட்டும் எனக்கு. வலத் தோள் இறங்கிவிடாமல் முழங்கைக்குக் கீழே கை கொடுத்துத் தாங்க வேண்டும். சட்டை போடும்போது பலமில்லாத கைக்கு முதலில். கழற்றும்போது நல்ல கையில் இருந்து. இதை அரை மணியில் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவர்களை மாஸ்டரிடம் அனுப்பிவைக்கிறேன்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது மகள். மாஸ்டர் முதலாளி என்றால் முதலாளியின் வேலைகளும் உண்டே: வருமான வரி அலுவலகத்தில் பதிவு, சம்பளத்தில் வரி கழிப்பு, 5.6 வாரச் சம்பள விடுமுறை, பென்ஷன் பதிவு, குறைந்தது 50 லட்சம் பவுணுக்கு வேலைகொடுப்போர் காப்புறுதி. கவுன்சிலின் காசுக்குத் தனிக் கணக்கு, அதற்கு ரசீது. சம்பளக் கணக்குப் போட ஒரு சேவை இருக்கிறது, ஆனாலும் இரவு பத்து மணிக்கு அவர் இன்னும் ஈமெயில் எழுதிக்கொண்டிருப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் இல்லை. ஏஜென்சி என்றால் தெரியாத முகமாவது வரும். தமிழ் கதைக்கிற இன்னொருவரைத் தேடி விளம்பரம் போட்டோம், ஒருவரும் வரவில்லை. 2022-இல் திறந்த கெயரர் விசாவும் வெளிநாட்டில் இருந்து புதிதாக வருகிறவர்களுக்கு 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. ஆள் கிடைக்காத இடத்தில் தெரிவுச் சுதந்திரம் பற்றி என்ன கதைப்பது?

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. தனி பட்ஜெட்டை, உங்களுக்குப் பிடித்த ஒரு நிறுவனத்திடம் கவுன்சில் கொடுத்துவிடும். எப்போது, யார், எப்படி என்பதை நீங்கள் சொல்வீர்கள். கணக்கு வழக்கு அவர்கள் பாடு. இண்டிவிஜுவல் சர்வீஸ் ஃபண்ட் என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கேட்டால்தான் சொல்கிறார்கள். முதியவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

கவுன்சில் 'நவீனமயம்' என்று சொல்வது பெரும்பாலும் ஆப்பையும் சென்சரையும்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், மாத்திரைக் கணக்குக்கு ஆப் நல்லது. கழுத்தில் அவசரப் பொத்தான் போட்டிருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று மட்டும் பாருங்கள். பழைய தொலைபேசி இணைப்புகளை 2027 ஜனவரிக்குள் நிறுத்துகிறார்கள். அந்தப் பொத்தான் புது இணைப்பில் வேலை செய்யுமா என்று இப்போதே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

மகளின் கதைக்கு வருகிறேன். குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்பவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தாலே அவருக்கும் தனியாக ஓர் அசெஸ்மென்ட் செய்ய வேண்டும் என்கிறது கெயர் ஆக்ட்டின் பத்தாவது பிரிவு. இன்னொன்றும் உண்டு. ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவுக்கு டைரக்ட் பேமென்டில் சம்பளம் கொடுப்பது பொதுவாக முடியாது. மகள் இரண்டு தெரு தள்ளி இருப்பதால் அவருக்குக் கொடுக்கலாம். சோஷல் வேர்க்கர் அதைச் சொன்னபோது, "அப்பாவைப் பாக்கிறதுக்குக் காசா?" என்று அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சரி, உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவையா என்று கேட்டார்.

"எனக்கென்ன, ஒண்டும் வேண்டாம்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுக்க முதல், மாஸ்டர் இடக்கையைத் தூக்கினார். "பிள்ளை, நேற்று விடிய எழும்பினதில இருந்து நடந்ததைச் சொல்லு."

மகள் நாலரை மணியில் இருந்து தொடங்கினார். சோஷல் வேர்க்கர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். ஓய்வுக்காக வருடத்தில் சில வாரம் மாற்று ஏற்பாடு கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.