மாமாங்கத் தீர்த்தமும் மட்டக்களப்பு வாவியும்

தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. விரதத்தை வீட்டிலேயே பிடிக்கலாம்தான். ஆனால் அம்மா ஒரே பிடியாக நின்றார்: "அப்பாவுக்குக் கடன் கழிக்கிறதுன்னா மாமாங்கத்துலதான்." சரி என்று வான் பேசி, பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு பதுளையிலிருந்து இறங்கினோம். பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, கரடியனாறு, செங்கலடி. தேயிலையும் வளைவுகளும் தீர்ந்து, காடும் வயலும் வெயிலும் வந்தன.

மாமாங்கேஸ்வரர் கோயில் மட்டக்களப்பு நகரை அடுத்த அமிர்தகழியில் இருக்கிறது. பெயர் ஈஸ்வரர் என்றாலும் ஊரார் வாயில் அவர் மாமாங்கப் பிள்ளையார். கோயில் தீர்த்தக் குளம் அனுமனால் உண்டானது என்பது ஐதீகம். ஆடித் திருவிழா அமாவாசையன்று தீர்த்தத்தோடு நிறைவுபெறும். விடியும் முன்பே குளப்படியில் கால் வைக்க இடமில்லை. ஈர வேட்டி, எள், தர்ப்பை, பக்கத்தில் யாரோ விசும்பும் சத்தம்.

ஐயர் கோத்திரம் கேட்டார். விழித்தேன். "தெரியாட்டி சிவகோத்திரம் எண்டு வைப்பம்" என்று அவரே முடித்துவிட்டு, மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா பெயர், தாத்தா பெயர் சரி. பூட்டன்? மன்னார்க் கரையிறங்கி மலைக்கு நடந்து வந்தவர் என்ற கதை மட்டும்தான் எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் மிச்சம். பின்படியிலிருந்து பெரியம்மா உரக்கச் சொன்னார். இத்தனை வருடம் அந்தப் பெயரை அவர் எங்கே வைத்திருந்தாரோ! நான் திருப்பிச் சொல்ல, ஐயர் அதையும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விட வைத்தார்.

தண்ணீரைத் தெரியாமல் இந்த ஊரைத் தெரிந்துகொள்ள முடியாது. கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர், கடலை ஒட்டியே வாவி நீண்டு கிடக்கிறது. பழைய நகரமும் கோட்டையும் இருக்கும் புளியந்தீவு அதற்குள் ஒரு தீவு. பாலம் கடந்துதான் போக வேண்டும். வாவி கடலைத் தொடுவது வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே பெரியகல்லாற்றிலும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரி வெள்ளம் ஊருக்குள் ஏறப் பார்த்தால் அதை வெட்டிவிடுவார்கள். அந்த வடகீழ்ப் பருவமழைதான் பதுளையில் எங்கள் மண்மேட்டைச் சரிப்பதும்.

கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். அதற்கும் முன்னே, 1602இல், ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துத் தளபதி இந்தக் கரையில் இறங்கித்தான் கண்டிக்குப் போய் அரசனைக் கண்டார். மலைநாட்டு அரசர்களுக்கு ஒருகாலத்தில் இதுவும் ஒரு கடல்வாசல். பாடசாலையில் இதை வெறும் ஆண்டுகளாக மனப்பாடம் செய்தோம். வானில் அரை நாள் குலுங்கி வந்த பிறகுதான் அந்தத் தூரம் உறைத்தது.

மாலை கல்லடிப் பாலம். 2013இல் திறந்த புதுப் பாலத்தில் வாகனங்கள் ஓட, பக்கத்திலேயே ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் அமைந்த பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அந்தப் பாடும் மீனைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்குமாம். வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "பாட்டுக் கேக்கணும் எண்டா பறுவத்துக்கு வரணும் மனே. அமாவாசையில வந்து நிண்டா?" நியாயமான கேள்வி. அப்பாவுக்கு அமாவாசை, மீனுக்குப் பௌர்ணமி.

கடற்கரையோரம் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில். 2004 சுனாமியில் சரிந்த கோபுரம் சரிந்தபடியே நிற்கிறது. மலையில் சாய்ந்த சுவரைக் கண்டால் விலகி ஓடுகிறவர்கள் நாங்கள். அம்மாவோ நேரே அதன் கீழே போய்க் கற்பூரம் ஏற்றினார். நானும் போனேன், கொஞ்சம் தயங்கித்தான்.

திரும்பும் வழியில் கருவாட்டுக் கடையைக் கண்டதும் பெரியம்மா வானை நிறுத்தச் சொன்னார். விரத நாளில் கருவாடு வண்டியில் ஏறக் கூடாது என்று அம்மா. வாங்குவதுதானே, தின்பது நாளைக்குத்தானே என்று பெரியம்மா. செங்கலடி தாண்டியும் வழக்கு முடியவில்லை; கருவாடு மட்டும் பின் சீட்டுக்குக் கீழே ஏறியிருந்தது.