மொழி தெரியாமல் ஷிகோக்கு மலைகளில்: ஒரு நாட்குறிப்பு

2023 நவம்பர் 6, திங்கள். தகமாட்சு

ஜப்பானின் ஷிகோக்குத் தீவைச் சுற்ற எடுத்த வாடகைக் காரின் சாவி காலை பத்து மணிக்குக் கைக்கு வந்தது. ஜப்பானியர் 'கேய்' என்று அழைக்கும் 660 சிசி சிறிய கார் அது. கோவையில் பெற்ற பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டதுதானா என்று பார்த்த பிறகே பணியாளர் முத்திரையிட்டார். இங்கும் இடப்புறமாகவே ஓட்டுகிறார்கள் என்பதால் சாலை அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம் இருப்பதால், திரும்பும்போதெல்லாம் வைப்பரை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

ரயில் கடவையில் கதவு திறந்திருந்தாலும் ஒவ்வொரு வண்டியும் நின்றுதான் கடக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வழிகாட்டித் திரையில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக, போக வேண்டிய இடத்தின் தொலைபேசி எண்ணை அழுத்தினால் போதும். எண்களே எனக்கும் இந்நாட்டுக்கும் பொதுவான எழுத்து.

நவம்பர் 7, செவ்வாய். இயா பள்ளத்தாக்கு

32ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வந்தேன். பெட்ரோல் நிலையத்தில் சிவப்புக் குழாய் சாதாரண பெட்ரோலுக்கு, மஞ்சள் உயர்ரகத்துக்கு, பச்சை டீசலுக்கு. டீசலுக்கு இங்கே 'கேயு' என்று பெயர். அதன் முதல் எழுத்தும் 'கேய்' காரின் முதல் எழுத்தும் ஒன்றே. எழுத்தை ஒப்பிட்டு நிரப்பியிருந்தால் எஞ்சின் பாழாகியிருக்கும். நான் நிறத்தை நம்பினேன். 'மான்தான்' என்றதும் தொட்டி நிரம்பியது.

காட்டுக்கொடிகளால் பின்னிய கசுராபாஷி பாலம் 45 மீட்டர் நீளமும் ஆற்றுக்கு மேலே 14 மீட்டர் உயரமும் உடையது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கொடிகளை மாற்றிப் புதிதாகக் கட்டுகிறார்கள். உள்ளே இரும்பு வடம் உண்டு என்று தெரிந்திருந்தும், பலகைகளின் இடைவெளியில் ஓடும் நீரைப் பார்த்தபோது கால் தயங்கியது.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தங்கிய வீட்டின் அம்மா, வெந்நீர்த் தொட்டியில் இறங்கும் முன் உடம்பைக் கழுவ வேண்டும் என்பதைச் சைகையால் காட்டி, 'ஒஃபுரோ' என்றார். இன்று கற்ற சொல் அது ஒன்றே.

நவம்பர் 8, புதன். நகோரோ, 439ஆம் எண் சாலை

நகோரோவில் வயலோரம் நிற்பவர்களைப் பார்த்துக் கைகூப்பப் போனேன். அருகில் சென்றபோதுதான் பொம்மைகள் என்று தெரிந்தது. ஒசாகாவிலிருந்து சொந்த ஊர் திரும்பிய சுகிமி அயானோ, தம் தந்தையின் சாயலில் செய்து வயலில் நிறுத்திய ஒரு பொம்மையில் தொடங்கியது இது. இப்போது ஊரில் முப்பதுக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். பொம்மைகளோ முந்நூறுக்கும் மேல். 2012இல் மூடப்பட்ட தொடக்கப் பள்ளியிலும் பொம்மைகளே மாணவர்கள். அதை விநோதக் காட்சியாகப் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிற்பகல் மேற்கே திரும்பி வரும்போது சாலைப் பணிக்காக வழி மறிக்கப்பட்டிருந்தது. பலகையில் எழுதியிருந்ததில் எண்கள் மட்டுமே புரிந்தன. கொடி பிடித்திருந்தவர் என் கைக்கடிகாரத்தைக் கேட்டு, பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்ததும் வழி திறக்கும் என்று விரலால் சுற்றிக் காட்டினார். நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அலைபேசிக்கு இணைப்பும் இல்லை.

பின்னால் வந்து நின்ற சிறிய டிரக்கிலிருந்து ஒரு பாட்டி இறங்கி, நெடுநேரம் பேசினார். வாக்கியத்தின் கடைசியில் வந்த 'கா' மட்டும், நம்முடைய 'வந்தாயா'வின் 'ஆ' போல, அது கேள்வி என்று எனக்கு உணர்த்தியது. எங்கே போகிறேன் என்றுதான் கேட்டிருப்பார் என எண்ணி, வரைபடத்தில் ஷிமாந்தோ ஆற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் விரலால் என் வழியைத் தொடர்ந்து வந்து, 1,133 மீட்டர் உயரத்திலுள்ள கியோபாஷிரா கணவாயில் நிறுத்தி, இரு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டினார். பிறகு சரிந்துகொண்டிருந்த சூரியனைச் சுட்டி, அதே விரலை 32ஆம் எண் சாலைக்கு நகர்த்தினார். ஓர் அயலானுக்கு இருட்டில் அந்த ஒற்றைத் தடச் சாலை வேண்டாம் என்ற அக்கறை தெளிவாகப் புரிந்தது. நான் தலையசைத்தேன்.

வழி திறப்பதற்குள் அவர் தம் டிரக்கிலிருந்து மூன்று யுசுப் பழங்களைக் கொண்டுவந்தார். நார்த்தங்காயின் மணத்துக்கு நெருங்கிய மணம். ஒன்றை அறுப்பதுபோலக் காட்டி, நீரில் மிதக்கவிட்டு, கண்களை மூடி, 'ஒஃபுரோ' என்றார். நேற்று கற்ற சொல் புரிந்தது என்பதை முகத்தில் கண்டுகொண்டு, என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

நவம்பர் 10, வெள்ளி. ஷிமாந்தோ

196 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் குறுக்கே கைப்பிடிச் சுவரற்ற தாழ்வான பாலங்கள் பல உள்ளன. வெள்ளம் வந்தால் அவை மூழ்கும். அடித்து வரப்படும் மரங்கள் சிக்கிப் பாலத்தை இழுத்துச் செல்லாதிருக்கவே சுவர் வைக்கவில்லை. கடலுக்கு மிக அருகிலுள்ள சாடா பாலம் 291 மீட்டருக்கும் சற்றே கூடுதல் நீளம்; இரு கார்கள் விலகிச் செல்ல இடமில்லை.

நான் கண்ணாடியைத் தாழ்த்தி, நடந்து போவதைவிட மெதுவாக ஓட்டினேன். எதிர்க்கரையில் ஒரு டிரக் வந்து, பாலத்தில் ஏறாமல் நின்றது. கரையேறும்வரை அதன் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கடக்கும்போது நான் தலை தாழ்த்தினேன், அவரும் தாழ்த்தினார். முன்னிருக்கையிலிருந்த யுசுவின் மணம் இன்னும் வண்டியெங்கும் இருந்தது.