பொருந்தாததைத் தேடு: தருக்க வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 8, செவ்வாய்

முதலாண்டு வகுப்பைத் தருக்கப் போலிகளின் (சரிபோலத் தோன்றும் தவறான வாதங்களின்) பட்டியலோடு தொடங்கக் கூடாது. இருபது பெயர் மனப்பாடமான மாணவர் அடுத்தவர் பேச்சில் பிழை பிடிப்பார், தன் பேச்சில் பிடிக்கமாட்டார். முதல் பீரியடுக்கு ஏற்றது உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட 2-4-6 சோதனை. போர்டில் இந்த மூன்று எண்களையும் எழுதி, "இவை ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. வேறு மூன்று எண்களைச் சொல்லுங்கள், பொருந்துமா என்று சொல்கிறேன். விதி உறுதியானதும் எழுதிக் கொடுங்கள்" என்றால் போதும். விதி வெறும் ஏறுவரிசைதான். ஆனால் 8-10-12, 20-22-24 என்றே கேள்விகள் வரும். எல்லாம் பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்று எழுதிக் கொடுப்பார்கள். வேசனின் 29 பேரில் முதல் அறிவிப்பிலேயே விதியைச் சரியாகச் சொன்னவர்கள் 6 பேர்தான்.

ஆசிரியர் "சரி" என்று சொல்லவே கூடாது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அதே தடத்தில் ஓடுவார்கள். "பொருந்தும்", "பொருந்தாது" என்ற இரண்டே சொற்கள் போதும். இரண்டாம் சுற்றில் நோட்டில் மூன்று பத்தி: எண்கள், என் எதிர்பார்ப்பு, வந்த பதில். ஐந்து முயற்சியில் இரண்டிலாவது எதிர்பார்ப்பு "பொருந்தாது" என்று இருக்க வேண்டும். பின் பெஞ்சுக்கு விடை கசிந்துவிடும், ஆகவே வேறொரு விதி கையில் இருக்கட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

வேசனின் அட்டைச் சோதனை. நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். விதி: ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டைப்படை எண். மேலே தெரிவது அ, க, 4, 7. விதி மீறப்பட்டதா என்று அறிய எவற்றைத் திருப்ப வேண்டும்?

பலர் அ, 4 என்பார்கள். விடை அ, 7. அட்டையை வாயால் சொல்லாமல் உண்மையிலேயே செய்து திருப்ப வைப்பது நல்லது. பின்புறங்கள்: அ-வுக்கு 8, க-வுக்கு 9, 4-க்கு ம, 7-க்கு ஈ. அ, 4 இரண்டையும் திருப்பியவர் "விதி சரி" என்று உட்காருவார். அதன்பின் 7ஐத் திருப்ப வேண்டும்: பின்னால் ஈ, விதி உடைகிறது. "4-க்குப் பின்னால் உயிர் இல்லையே, அங்கேயே விதி போச்சு" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். விதியைத் தலைகீழாக வாசித்ததால் வரும் பிழை அது. அதற்குத் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

அடுத்து: கியர் பைக் ஓட்டினால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அட்டைகள் கியர் பைக், சைக்கிள், 20, 15. இப்போது 15ஐத் திருப்ப யாரும் தயங்குவதில்லை. இதை முதலில் கொடுத்தால் வீண். தடுமாறிய பிறகு கொடுத்து, இரண்டு வரிசையையும் அருகருகே எழுதி, "15-க்கு இணை அங்கே எது?" என்று கேட்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

மணிமேகலை 29ஆம் காதை. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல. திட்டாந்தத்தை, அதாவது எடுத்துக்காட்டை, சாதன்மியம், வைதன்மியம் என்று அது இரண்டாகப் பிரிக்கிறது: புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் இடம் ஒன்று, நெருப்பில்லாததால் புகையும் இல்லாத இடம் மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் 7 அட்டை. பத்து நிமிடம் போதும், தேர்வுக்குப் பாடமாக்கினால் கெட்டது.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு கோச்சிங் சென்டரின் பிளெக்ஸ் பேனர்: "எங்களிடம் படித்த 40 பேர் குரூப் 4-இல் தேர்ச்சி!" இதை நான்கு கட்டத்தில் எழுதச் சொல்ல வேண்டும்: சேர்ந்து வென்றவர், சேர்ந்து தோற்றவர், சேராமல் வென்றவர், சேராமல் தோற்றவர். பேனர் ஒரு கட்டத்தை மட்டுமே நிரப்புகிறது. வகுப்பில் போட்டுப் பார்க்க எண்கள் கொடுக்கலாம்: சேர்ந்தவர் 800, அதில் 40. சேராதவர் 2000, அதில் 100. இரண்டும் 5 சதவீதம். சட்டென்று "அப்போ கோச்சிங் வேஸ்ட்" என்பார்கள். அதையும் விடக்கூடாது: சேர்ந்தவர்களும் சேராதவர்களும் தொடக்கத்தில் ஒரே தரமா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வினாத்தாள். "அவசரப் பொதுமைப்படுத்தல் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு இடமில்லை. ஒரு விளம்பரம், 10 மதிப்பெண்: முடிவை ஒரே வாக்கியத்தில் எழுத 2, சொல்லாமல் விட்ட அனுமானத்துக்கு 3, எந்தத் தகவல் கிடைத்தால் முடிவு உடையும் என்பதற்கு 5. போலியின் பெயரை மட்டும் எழுதினால் பூஜ்யம். "மேலும் ஆய்வு தேவை" என்பதற்கும் பூஜ்யமே. எந்த எண்ணிக்கை, யாரிடமிருந்து, அது எவ்வளவாக இருந்தால் தன் முடிவை மாற்றிக்கொள்வார் என்று எழுதியவருக்கே முழு ஐந்து.