ரவுட்டர்ல விபிஎன் போடுறீங்களா? டனல் விழுந்தா என்ன ஆகும்னு முதல்ல பாருங்க

போன்ல ஒரு விபிஎன் ஆப், லேப்டாப்புல ஒண்ணுனு தனித்தனியா போட்டு வெச்சுக்கறத விட ரவுட்டர்லயே ஒரே இடத்துல போட்டுட்டா வீட்டுல இருக்கற எல்லாத்துக்கும் சேர்த்து வேலை முடிஞ்சுதுனு நெறய பேர் இந்தப் பக்கம் வர்றாங்க, நானும் அப்படித்தான் வந்தேன், டிவி மாதிரி ஆப்பே போட முடியாத சாமான்லாம் இருக்கும்போது அது நியாயமான யோசனையும்தான். ஆனா இதப் பத்தி சொல்லித் தர்றவங்க பெரும்பாலும் "கனெக்ட் ஆயிடுச்சு, ஐபி மாறிடுச்சு பாருங்க"ங்கற எடத்துல நிறுத்திடறாங்க. டனல், அதாவது உங்க ட்ராஃபிக்க பூட்டி விபிஎன் சர்வர் வரைக்கும் கொண்டு போற வழி, எழும்புறது இப்பல்லாம் பெரிய விஷயமே இல்ல. ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போதோ, நீங்க செட்டிங்க்ஸ்ல கை வெச்சு டனலோட இன்டர்ஃபேஸ் (ரவுட்டருக்குள்ள டனலுக்கான வாசல்) ஒரு நிமிஷம் எறங்கும்போதோ உங்க ட்ராஃபிக் எந்த வழியா வெளிய போகுதுங்கறதுதான் மொத்த வேலையும். இந்தப் பதிவு அதுக்காகத்தான்.

முதல்ல ஃபார்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர். கம்பெனி போட்டுக் குடுத்த ஃபார்ம்வேர்லயே விபிஎன் கிளையன்ட் இருக்கானு ஒருதடவ பாத்துடுங்க, இப்ப சில மாடல்ல இருக்கு, ஆனா டனல் விழுந்தா தடுக்கறது, ஒரு சில சாமான மட்டும் டனல்ல விடறதுனு வந்தா அதெல்லாம் பெரும்பாலும் கைய விரிச்சிடும். அதனாலதான் ஓப்பன்டபிள்யூஆர்டி, கம்பெனி ஃபார்ம்வேருக்கு பதிலா நாமளே ஏத்திக்கற இலவச ஃபார்ம்வேர். இதோட கதை தெரிஞ்சவங்களுக்கு இது மேல ஒரு தனி மரியாதையே வரும். 2002 கடைசில லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜினு ஒரு ரவுட்டர் வந்துச்சு, அதுக்குள்ள ஓடறது லினக்ஸ்னு 2003ல ஆளுங்க கண்டுபிடிச்சாங்க, ஜிபிஎல் லைசென்ஸ்படி சோர்ஸ் கோட வெளியிட்டே ஆகணும்னு ஆகி அது வெளிய வந்துச்சு, அதுலேர்ந்து 2004ல ஓப்பன்டபிள்யூஆர்டி பொறந்துச்சு. பேர்ல இருக்கற டபிள்யூஆர்டி அந்த மாடலோடதுதான். டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோங்கற மத்த ஃபார்ம்வேர்லாம் அதே வேர்லேர்ந்து கிளைச்சதுதான். பிராட்காம் சிப் இருக்கற ரவுட்டர்னா ஓப்பன்டபிள்யூஆர்டில வைஃபை டிரைவர் தகராறு பண்ணும், அவங்க ஃபிரெஷ்டொமேட்டோ, இல்ல ஏசூஸ் மாடலா இருந்தா மெர்லின் பக்கம் போறது நல்லது. மத்தவங்களுக்கு என் ஓட்டு ஓப்பன்டபிள்யூஆர்டிக்குத்தான்.

ஃபிளாஷ் பண்றது, அதாவது புது ஃபார்ம்வேர ஏத்தறது, பத்தி நீட்டி முழக்க மாட்டேன், அவங்க சைட்ல ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பக்கமே இருக்கு. ரெண்டு மூணு விஷயம் மட்டும். ரவுட்டர திருப்பிப் போட்டு லேபிள்ல வெர்ஷன் நம்பரப் படிங்க, ஒரே பேர்ல விக்கற மாடலுக்குள்ள வி1 ஒரு சிப்பும் வி2 சுத்தமா வேற சிப்பும் வெச்சிருப்பாங்க. முதல் தடவ போடறதுக்கு ஃபேக்டரி இமேஜ், அப்புறம் அப்டேட்டுக்கு சிஸ்அப்கிரேட் இமேஜ். டவுன்லோட் பண்ண ஃபைலோட செக்சம் (ஃபைல் சிதையாம வந்துச்சானு காட்டற எண்) ஒத்துப்போகுதானு பாக்காம ஏத்தாதீங்க. வேலைய கேபிள் போட்டே பண்ணுங்க, ஏன்னா புதுசா ஏறின ஓப்பன்டபிள்யூஆர்டில வைஃபை பொதுவா ஆஃப்ல தான் இருக்கும், அதப் பாத்துட்டு ரவுட்டர் செத்துப்போச்சுனு பயந்தவங்க உண்டு. 192.168.1.1 போனா லூசிங்கற செட்டிங்க்ஸ் பக்கம் வரும், யூசர் ரூட், பாஸ்வேர்டு இருக்காது, முதல் வேலையா அத செட் பண்ணுங்க. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் இருக்கற பழைய பெட்டிய இதுக்காக தோண்டி எடுக்காதீங்க, இப்ப வர்ற வெர்ஷன் அதுல ஏறவே ஏறாது.

அடுத்து எந்த விபிஎன். வயர்கார்டு, யோசிக்கவே வேணாம். ஓப்பன்விபிஎன் 2001லேர்ந்து இருக்கற நல்ல சாமான்தான், டிசிபி 443ல (சாதாரண வெப்சைட் ட்ராஃபிக் போற போர்ட்) ஓட வேண்டிய கட்டாயம் இருக்கற நெட்வொர்க்னா இன்னைக்கும் அதுதான் கை குடுக்கும். ஆனா வீட்டு ரவுட்டர்ல இருக்கற சின்ன சிபியூவுக்கு அது பெரிய பாரம், வழக்கமான அமைப்புல ஒவ்வொரு பாக்கெட்டும் (ட்ராஃபிக்கோட சின்னத் துண்டு) கெர்னல்லேர்ந்து, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையத்துலேர்ந்து, வெளிய வந்து ப்ரோக்ராமுக்குப் போயி என்கிரிப்ட் ஆகி திரும்ப உள்ள போகணும், அதுவும் ஒரே கோர்ல. வயர்கார்டு கெர்னலுக்குள்ளயே ஓடுது, 2020 மார்ச்ல லினக்ஸ் 5.6லயே சேத்துட்டாங்க. அது பயன்படுத்தற சாச்சா20ங்கற என்கிரிப்ஷன் முறைக்கு, சிபியூல ஏஇஎஸ்ங்கற இன்னொரு முறைக்குனு இருக்கற மாதிரி தனி ஹார்ட்வேர் இருக்கணும்ங்கற அவசியம் இல்ல, மலிவான ரவுட்டர் சிப்ல அந்த ஹார்ட்வேர் பெரும்பாலும் இருக்காதுங்கறதால நமக்கு அதுதான் தோது. அப்பவும் ஒண்ணு சொல்லிடறேன், பெட்டி மேல எழுதியிருக்கற வேகம் விபிஎன்ல வராது, சாதாரண ட்ராஃபிக்க சிபியூவ தொடாம வேகமா தள்ள ஹார்ட்வேர் ஆஃப்லோடுனு ஒரு குறுக்கு வழி இருக்கும், என்கிரிப்ட் ஆகற ட்ராஃபிக்குக்கு அது பொதுவா கெடையாது, முழு வேலையும் சிபியூ தலைலதான் விழும்.

பேக்கேஜ்ல வயர்கார்டு டூல்ஸும் லூசிக்கான வயர்கார்டு ப்ரோட்டோகாலும் போட்டு, ரவுட்டர ஒருதடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டு புது இன்டர்ஃபேஸ் சேருங்க. விபிஎன் குடுக்கறவங்க ஒரு கான்ஃபிக் ஃபைல் குடுப்பாங்க, அத லூசில அப்படியே இம்போர்ட் பண்ணிக்கலாம். பிரைவேட் கீ, உங்களுக்கு ஒதுக்கின ஐபி, அந்தப் பக்கத்து பப்ளிக் கீ, எண்ட்பாயின்ட் (சர்வரோட முகவரி), போர்ட், அலவ்டு ஐபிஸ், இவ்வளவுதான் மொத்தமே. அலவ்டு ஐபிஸ்ல 0.0.0.0/0 இருந்தா எல்லா ஐபிவி4 ட்ராஃபிக்கும் அந்த வழியா போகலாம்னு அர்த்தம். பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25னு வைங்க, நாட் (NAT, பல சாமான் ஒரே ஐபிய பகிர்ற முறை) பின்னாடி இருக்கற ரவுட்டருக்கு அது வேணும்.

இப்ப ஸ்டேட்டஸ் பக்கத்துல வயர்கார்ட தொறந்து வெச்சுக்கங்க, இந்த ஒரு பக்கத்தப் படிக்கத் தெரிஞ்சா பாதி பிரச்சனைய அங்கயே புடிச்சிடலாம். லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்னு ஒரு வரி இருக்கும், ரெண்டு பக்கமும் கடைசியா எப்ப கை குலுக்கிக்கிச்சுங்கறது. ட்ராஃபிக் ஓடிட்டு இருந்தா சுமார் 2 நிமிஷத்துக்கு ஒரு தடவ அது புதுசாகணும். 3 நிமிஷத்த தாண்டி ஏறிட்டே போனா டனல் செத்துடுச்சு, மேல பச்சை கலர்ல அப்னு காட்டினாலும் நம்பாதீங்க, வயர்கார்டுல இன்டர்ஃபேஸ் அப்னா எதிர்ப்பக்கம் உயிரோட இருக்குனு அர்த்தமே இல்ல. அதுக்குக் கீழ அனுப்பினது ஏறுது, வாங்கினது 0லயே நிக்குதுனா நம்ம பாக்கெட் போகுது, பதில் வரல. கீ தப்பா இருந்தா எதிர்ப்பக்கம் எரர்லாம் சொல்லாது, வாயே தொறக்காது, அதோட டிசைனே அப்படி. அதனால அந்த 0வ பாத்த உடனே கீ, போர்ட், கடிகாரம் மூணையும் பாருங்க.

கடிகாரமானு கேக்கலாம். ஆமா, இதுதான் ஆளுங்கள ரொம்ப அலைய விடற எடம். வீட்டு ரவுட்டர்ல பெரும்பாலும் பேட்டரி வெச்ச கடிகாரம் கெடையாது, கரண்ட் போயி வந்தா நேரம் பின்னாடி போயிடும். வயர்கார்டு ஹேண்ட்ஷேக்ல ஒரு டைம்ஸ்டாம்ப் இருக்கு, பழைய பாக்கெட்ட யாராச்சும் திருப்பி அனுப்பி ஏமாத்தாம இருக்க, சர்வர் கடைசியா பாத்த நேரத்த விட முன்னாடி நேரம் போட்டு வந்தா ஏத்துக்காது. சரி, என்டிபில (நெட்லேர்ந்து நேரம் வாங்கற முறை) நேரத்த சரி பண்ணிக்கலாம்னா அந்தப் பாக்கெட்டும் டனல் வழியாத்தான் போகணும்னு ரூட் போட்டு வெச்சிருக்கோம், டனலோ நேரம் சரியில்லாம எழும்பாது. கோழி முதல்லயா முட்டை முதல்லயா கதைதான். டிஎன்எஸ்லயும், அதாவது சைட்டு பேர ஐபியா மாத்தித் தர்ற சேவைலயும், இதே முடிச்சு. டனலுக்குள்ள இருக்கற டிஎன்எஸ்ஸ மட்டும்தான் கேக்கணும்னு கட்டிட்டீங்கனா, எண்ட்பாயின்ட்ட ஐபியா குடுக்காம பேரா குடுத்திருந்தா, அந்தப் பேர யார்கிட்ட கேக்கறது?

கில் ஸ்விட்ச்சு, அதாவது டனல் விழுந்தா ட்ராஃபிக்க நிறுத்தற ஏற்பாடு, பத்தி சொல்றவங்க ஃபயர்வால்ல விபிஎன்க்கு தனி ஜோன் போட்டு, லேன்லேர்ந்து (வீட்டு நெட்வொர்க்) அதுக்கு வழி விட்டு, லேன்லேர்ந்து வேன்க்கு (WAN, இன்டர்நெட் பக்கம்) இருக்கற வழிய அடைக்கச் சொல்வாங்க. சரியான வழிதான். எதிர்ப்பக்கம் சும்மா செத்தா ரூட் அங்கயே இருக்கறதால பாக்கெட் டனலுக்குள்ளயே போயி காணாமப் போகும், கசியாது. இன்டர்ஃபேஸ் எறங்கும்போதுதான் ஆபத்து, ரூட் மறைஞ்சு எல்லாம் வேன் பக்கம் திரும்பும், பூட் ஆகற நேரத்துலயும் டனல் வர்றதுக்கு முன்னாடி அதே கதை, அப்ப இந்த அடைப்புதான் காப்பாத்தும். ஆனா ஒரு ஓட்டை பாக்கி. ஃபார்வேர்டிங் ரூல் மத்த சாமான்லேர்ந்து வந்து போற ட்ராஃபிக்க மட்டும்தான் தடுக்கும், ரவுட்டரே சொந்தமா அனுப்பறத தடுக்காது. போன் டிஎன்எஸ் கேக்கறது ரவுட்டர்கிட்ட, ரவுட்டர் வெளிய கேக்கறது அதோட சொந்த ட்ராஃபிக், அதனால டனல் எறங்கினா வீட்டுல யார் எந்த சைட்டுக்குப் போகப் பாத்தாங்கனு பேர் பேரா இன்டர்நெட் குடுக்கற கம்பெனி டிஎன்எஸ்ஸுக்குப் போயிட்டே இருக்கும், பக்கம் மட்டும் தொறக்காது.

இதையெல்லாம் ஒவ்வொண்ணா அடைக்கலாம், என்டிபி சர்வர் ஐபிக்கு வேன் வழியா ஸ்டாட்டிக் ரூட், எண்ட்பாயின்ட்டுக்கு பேருக்கு பதிலா ஐபி, இப்படி. ஆனா நான் சொல்றது வேற, வீடு மொத்தத்தையும் டனல்ல தள்ளாதீங்க. டனலுக்குனு ஒரு தனி வைஃபை பேர் போடுங்க.

புதுசா ஒரு பிரிட்ஜ் (தனி உள் நெட்வொர்க்குக்கான இணைப்பு), அதுக்கு 192.168.2.1, அதுல ஒரு புது எஸ்எஸ்ஐடி (வைஃபை பேர்), ஃபயர்வால்ல அதுக்கு தனி ஜோன். அந்த ஜோன்லேர்ந்து விபிஎன் ஜோனுக்கு மட்டும் ஃபார்வேர்டிங், வேன்க்கு வழிய போடவே போடாதீங்க. இன்புட்ட (ரவுட்டருக்கே வர்ற ட்ராஃபிக்க) ரிஜெக்ட்ல வெச்சு டிஹெச்சிபிக்கு (சாமான்களுக்கு ஐபி குடுக்கற வேலை) மட்டும் ரூல் போட்டு விடுங்க, ரவுட்டரோட டிஎன்எஸ்ஸ அங்கேர்ந்து யாரும் தொட முடியாது. டிஹெச்சிபில ஆப்ஷன் 6 வழியா விபிஎன் குடுத்த டிஎன்எஸ் ஐபிய நேரா சாமான்களுக்கே குடுத்துடுங்க, இப்ப டிஎன்எஸ்ஸும் மத்த பாக்கெட் மாதிரி ஃபார்வேர்ட் ஆகற ட்ராஃபிக், அதே ரூல் அதையும் புடிச்சிடும். வயர்கார்டு இன்டர்ஃபேஸ்ல ரூட்டிங் டேபிள (எந்த ட்ராஃபிக் எந்த வழினு சொல்ற பட்டியல்) 100னு மாத்தி, பியர்ல (எதிர்ப்பக்கத்து சர்வருக்கான பகுதி) ரூட் அலவ்டு ஐபிஸ டிக் பண்ணிட்டு, ரூட்டிங் பக்கத்துல இந்த நெட்வொர்க்லேர்ந்து வர்றதெல்லாம் டேபிள் 100ஐ பாக்கணும்னு ஒரு ரூல். முடிஞ்சுது. ரவுட்டரோட சொந்த என்டிபி, எண்ட்பாயின்ட் பேர் கேக்கறது எல்லாம் எப்பவும் போல வேன் வழியா போறதால கடிகார முடிச்சும் டிஎன்எஸ் முடிச்சும் தானா அவிழ்ந்துடுது. வீட்டுல இருக்கறவங்களுக்கும் நிம்மதி, விபிஎன் ஐபிய பாத்தா கதவ சாத்தற பேங்க் சைட்டு, வீடியோ ஆப்லாம் எப்பவும் போல பழைய வைஃபைல ஓடும், வேணுங்கறப்ப வைஃபைய மாத்திக்கிட்டா போதும், லிஸ்ட்டு போட்டு எந்த சாமான் எந்தப் பக்கம்னு நீங்க பராமரிக்க வேணாம். பழைய நெட்வொர்க்ல இருக்கற பிரிண்டர் புதுசுலேர்ந்து தெரியாது, எனக்கு அது பரவாயில்ல.

ஐபிவி6, அதாவது புது வகை ஐபி முகவரி, அத மறந்துடாதீங்க. டனல் ஐபிவி6 குடுக்கலனா இந்த நெட்வொர்க்ல ஐபிவி6 முகவரி கெடைக்க வைக்கற ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட்டும் டிஹெச்சிபிவி6ம் ஆஃப் பண்ணிடுங்க, ஐபிவி4ஐ மட்டும் டனல்ல விட்டுட்டு ஐபிவி6 வெளிய போயிட்டு இருக்கறது ரொம்ப சகஜமா நடக்கறது.

இன்னொண்ணு, பிங் (பதில் வருதானு பாக்கற சின்ன சோதனை) போகுது, சில சைட்டு நல்லா வருது, சிலது பாதில நின்னு சுத்திட்டே இருக்குனா அது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு அனுமதிக்கற அதிகபட்ச அளவு. வயர்கார்டுல ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சேர்ற ஹெடருக்கே ஐபிவி4ல 60 பைட், ஐபிவி6ல 80 பைட் போகுது, அதனாலதான் 1500ல 80 கழிச்சு 1420. உங்க கனெக்‌ஷன் பிபிபிஓஇங்கற, யூசர்நேம் பாஸ்வேர்டு குடுத்து ஏறற வகைனா அதுலயே 8 போயிடும், 1412 வைங்க. விபிஎன் ஜோன்ல மாஸ்கரேடிங்கோட எம்எஸ்எஸ் கிளாம்பிங்கையும் டிக் பண்ணுங்க.

கடைசியா டெஸ்ட், இத பண்ணாம விடாதீங்க. புது வைஃபைல ஒரு லேப்டாப்ப சேத்து, 1.1.1.1க்கு பிங் ஓட விட்டுட்டு, லூசில வயர்கார்டு இன்டர்ஃபேஸ ஸ்டாப் அமுக்குங்க. பிங் அந்த நொடியே நிக்கணும், ஒண்ணு கூட திரும்பி வரக்கூடாது. அந்த நிலைலயே பிரவுசர்ல இதுவரைக்கும் போகாத ஒரு சைட்டு பேர் அடிங்க, பேரே கண்டுபிடிக்க முடியலனு சொல்லணும். அப்புறம் ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பிங் ஓடிட்டே இருக்கட்டும், ஸ்டேட்டஸ் பக்கத்துல ஹேண்ட்ஷேக் வர்றதுக்கு முன்னாடி ஒரு பதில் வந்தாலும் எங்கயோ வேன்க்கு வழி தொறந்திருக்கு, ஃபயர்வால் ஜோன் பக்கத்துக்கு திரும்பப் போயி ஃபார்வேர்டிங் கட்டத்துல டிக் எங்க இருக்குனு தேடுங்க.